கொரியன் புல்லுக்கு உத்தியோகம் இல்லை

சங்கடஹர சதுர்த்தியன்று காலையில் கதவைத் திறந்தால், பக்கத்து பிளாக் மாமி என் புல்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அருகம்புல் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளட்டும், நமக்கு லாபம்தானே என்று, “வேரோட பிடுங்கிக்கோங்கோ மாமி” என்றேன். “வேரெல்லாம் பிள்ளையாருக்கு ஆகாது சார், நுனிதான் சாத்தணும்” என்று சொல்லிவிட்டு, நுனியை மட்டும் பதவிசாகக் கிள்ளிக்கொண்டு போய்விட்டார். நுனியைக் கிள்ளினால் அருகு பக்கவாட்டில் கிளைத்துப் படரும். மாதா மாதம் இதே கைங்கரியம். புண்ணியம் அவருக்கு, புல் எனக்கு.

இந்த எரிச்சலில்தான், புல்தரைக் களையை அடையாளம் கண்டு ஒழிப்பது எப்படி என்று நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அடையாளம் காண்பது சுலபம். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டு உருள மறுத்தால் கோரை. தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, நாலைந்து விரலாகக் கதிர் விரித்தால் அருகு. கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு அங்கங்கே பழுப்படித்து நின்றால், அதுதான் நீங்களும் நானும் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்து விரித்த கொரியன் புல்.

லிராய் ஹோம் என்பவரும் கூட்டாளிகளும் 1977-இல் உலகத்தின் படுமோசமான களைகளை வரிசைப்படுத்திப் புத்தகம் போட்டார்கள். முதலிடம் கோரைக்கு. இரண்டாமிடம் அருகுக்கு. உலகப் பட்டியலின் முதல் இரண்டு பேரும் பட்டினப்பாக்கத்தில், என் ஜன்னலுக்குக் கீழே குடியிருக்கிறார்கள். வாடகை கிடையாது.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. இவர்களை வரிசையாக உட்காரவைத்து வேலைக்கு நேர்காணல் நடத்திப் பாருங்கள். அருகு உள்ளே வருகிறது. “முன் அனுபவம்?” “லஸ் முனை நவசக்தி விநாயகரிடம் நிரந்தரப் பணி. காலையில் கடற்கரையில் நடப்பவர்களுக்கு ஜூஸ். வெளிநாட்டில் பெர்முடா என்ற பெயரில் கோல்ஃப் மைதானத்தில் உத்தியோகம்.” அடுத்தது கோரை. “கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது சார். குளியல் பொடியில் வாசனை என்னுடையதுதான். பத்தமடையில் பாயாக இருப்பவர் எங்கள் பங்காளி.” கீழாநெல்லி காமாலைக்கு என்று கை தூக்குகிறது. நெருஞ்சி கல்லடைப்புக்கு என்கிறது. மூக்கிரட்டை கீரையாகவே வேகத் தயார். தொட்டாற்சுருங்கிக்கு மருந்துத் தொழில் போக, குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டும் உபதொழிலும் உண்டு. குப்பைமேனி சொறி சிரங்கைப் பார்த்துக்கொள்ளும்.

கடைசியில் கொரியன் புல். “என்ன தெரியும்?” “பச்சையாக இருப்பேன்.” “எப்போதும்?” “தண்ணீர் விட்டால்.” “நிழலில்?” “வெயில் வேண்டும்.” “மேலே நடக்கலாமா?” “எப்போதாவது.” “வேகமாக வளர்ந்து இடத்தை நிரப்புவாயா?” “எனக்கு அவசரம் பிடிக்காது.” “பிள்ளையாருக்கு?” “பழக்கமில்லை.” “சிபாரிசு?” “எதிர்வீட்டு லானைப் பாருங்கள்.” வேலை இதற்குத்தான் கொடுத்தோம். தகுதியுள்ளவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள, தனியாகக் கூலி கொடுத்து ஆளும் வைத்தோம்.

எங்கே விட்டேன்? ஒழிக்கும் வழி. தோட்டக்காரர் வருகிறார், கோரையின் தலையைப் பிடித்து இழுக்கிறார், அது மறுப்பே சொல்லாமல் கையோடு வருகிறது. அங்கேதான் சூட்சுமம். மண்ணுக்குள் நூல்போல ஓடும் தண்டில் கிழங்குகள் சரம் சரமாகக் கோத்திருக்கும். மேலே பிடுங்கினால் கீழே தூங்குகிற கிழங்கு விழித்துக்கொள்ளும். களைக்கொத்தால் தோண்டிச் சரத்தோடு எடுக்க வேண்டும். சரத்தோடு எடுத்தால் கொரியன் புல்லும் பாயாகச் சுருட்டிக்கொண்டு வரும். இந்தக் கிழங்கு வந்ததே, தரை மட்டம் பண்ண லாரியில் இறக்கிய செம்மண்ணோடுதான். விற்றவரைக் கேட்டால், “அது தானா வரும் சார்.”

பூச்சிமருந்துக் கடையில் கிளைபோசேட் என்றார்கள். அது பச்சையாக எதைப் பார்த்தாலும் கொல்லும், பாரபட்சம் கிடையாது. கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் இருக்கிறது, கரும்புக்காரர்கள் அடிக்கிறார்கள். எனக்கு எத்தனை ஏக்கர் கரும்பு என்று கடைக்காரர் மரியாதையாக விசாரித்தார். அருகுக்கு? அருகு, கொரியன் இரண்டுமே புல், மருந்துக்கு வித்தியாசம் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

மாடிவீட்டுக்காரர் கல்லுப்பு தூவச் சொன்னார். பட்டினப்பாக்கத்தில் உப்பு! ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர் சைலன்சர், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றையும் கடல்காற்று தின்று தீர்க்கிற ஊரில், இத்தனை வருஷமாக அந்த உப்பைச் சாப்பிட்டே தளதளவென்று நிற்கிறது அருகு.

போன வாரம் செயற்கைப் புல் விற்கிறவர் போன் செய்தார். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், அடியில் ஷீட் போட்டுவிடுவதால் களை வரவே வராது என்றார். காய்கறிப் பாத்தியில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளையே கோரையின் முளை ஊசிமுனையால் குத்திக்கொண்டு வெளியே வரும் என்று சொன்னேன். “அஞ்சு வருஷம் வாரண்டி இருக்கு சார்” என்றார். ஷீட்டுக்கா, கோரைக்கா என்று கேட்டேன். வைத்துவிட்டார்.