துருப்புடிச்ச துப்பாக்கியும் ரெண்டு வீம்புக்காரனும்

வாடா பேராண்டி, இப்புடித் திண்ணையில குந்து. நேத்துலேந்து அந்த செல்லுல மூஞ்சியப் பொதைச்சிக்கிட்டு பெருமூச்சு வுடுறியே, பொண்ணுதான் பாக்குறான் போலருக்குன்னு உன் ஆயாகிட்ட சொல்லி சந்தோசப்பட்டேன். எட்டிப் பாத்தா துப்பாக்கி! அதுவும் கட்ட வெடிச்சி, இரும்பு செவந்து, சுட்டா எதுத்தாப்புல நிக்கிறவன வுட சுடுறவன் மொதல்ல போய்ச் சேருற மாதிரி துப்பாக்கி. அத அமெரிக்காக்காரன் எதுக்கு இம்மாம் பணத்துக்குக் கேக்குறான்னு என் உசுர எடுக்குற. கம்மாபுரத்துல குந்திக்கிட்டு நம்ம முந்திரிக்கொட்டைக்கி யாவாரி என்னா வெல போடுறான்னு தெரிஞ்சிக்கத் துப்பில்ல, தொரைக்கி துப்பாக்கி வெல வேண்டிக் கெடக்கு.

எனக்கு என்னாடா தெரியும்? நான் அஞ்சாங்கிளாசோட மாட்டு வாலப் புடிச்சவன். ஆனா ஏலத்துல குந்தி எழுந்தவன். புளியமரம், ஏரி மீனு, கோயில் தேங்கா, பஞ்சாயத்துக் கருவமரம்னு ஒண்ணு பாக்கி இல்ல. அதுல கத்துக்கிட்டது இம்மாந்தான்: பொருளப் பாத்தா ஏலம் வெளங்காது, கேக்குறவன் மூஞ்சியப் பாக்கணும். எழவு வூட்டுல பேச்சு முறிஞ்ச மாமன் மச்சான் ரெண்டு பேரு எதிரெதிரா நிக்கிறான்னு வையி, அன்னிக்கி அந்தப் புளியமரம் பொன்னா காய்க்கும்.

வடக்க திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், ரெண்டு குன்னு சேர்ற எடத்துல முருகன் கோயிலு இருக்கு. பங்குனி உத்திரத்துல ஒம்போது நாளும் வேலுல சொருவி வச்ச எலுமிச்சம்பழத்த ஏலம் வுடுவாங்க. 2024ல 9 பழம் 2 லட்சத்து 36 ஆயிரத்துக்குப் போச்சி. கொழந்த இல்லாதவங்க நம்பி வாங்குறாங்க, அத நான் கிண்டல் பண்ணல. நீ சந்தையில 5 ரூவாய்க்கி வாங்குற பழமும் அதுவும் புழிஞ்சா ஒரே புளிப்புதான். வெல பழத்துக்கு இல்ல, வேலுக்கு.

உன் துப்பாக்கிக்கும் அதான் கணக்கு. வேலு இருந்த எடத்துல ஒரு பேரு வேணும். யாரு பேரு? வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம ஊரு பேருல ரொம்பப் புடிச்சது திப்பு சுல்தான். 1799 மே 4ஆம் தேதி சீரங்கப்பட்டணத்துல அந்த மனுசன் செத்து வுழுந்தாரு. அன்னியிலேந்து வெள்ளக்காரன் அரண்மனையத் தொடச்சி எடுத்துக்கிட்டுப் போனான். போன சாமான் இரநூறு வருசம் அவன் வூட்டுப் பரண்ல தூங்கிச்சி. 2019ல இங்கிலாந்துல பெர்க்சயர்ங்கற எடத்துல ஒரு குடும்பம் பரண் ஏறிப் பாத்தா, வெள்ளிப் பூண் போட்ட திப்புவோட துப்பாக்கி ஒண்ணு, கூட வாளுங்க. கிழக்கிந்தியக் கும்பினியில மேஜரா இருந்த தாமஸ் ஹார்ட்டுன்னு அவங்க பாட்டன் பூட்டன் ஒருத்தன் தூக்கியாந்தது. துப்பாக்கி மட்டும் 60,000 பவுன். நம்ம காசுக்கு அரைக்கோடிக்கும் மேல. ஒனக்கும் பாட்டன் இருந்தான், என்னாத்த வச்சிட்டுப் போனான்? ரெண்டு கலப்பையும் ஒரு கடன் பத்திரமும்.

அதுக்கு முன்னால 2015லயே போனாம்ஸ் கம்பெனி திப்பு சாமான்னு 30 உருப்படி ஏலம் வுட்டான். வேட்டைத் துப்பாக்கி ஒண்ணு 7 லட்சத்து 22 ஆயிரத்து 500 பவுன். ஒரு வெங்கல பீரங்கி, அம்பதாயிரம் பவுனு தேறும்னு கம்பெனிக்காரனே சொன்னான், அது 14 லட்சத்தத் தாண்டிப் போச்சி. 2023 மே மாசம் திப்பு படுக்கையறை வாளு. 20 லட்சம் வரைக்கும் போவும்னு மதிப்புப் போட்டது 1 கோடியே 40 லட்சம் பவுனு! மதிப்புப் போட்டவன் படிச்சவன்தான்டா. இரும்ப மதிச்சான், தங்க வேலைப்பாட்ட மதிச்சான். போனுல கேக்குற ரெண்டு வீம்புக்காரன மதிக்கத் தெரியல.

அப்ப திப்பு பேரு சொன்னாலே போதும்னு நெனைக்காத. அதே வருசம் அக்டோபர்ல கிறிஸ்டீஸ்ங்கற இன்னொரு ஏலக் கம்பெனிக்காரன் திப்புவோட இன்னொரு வாள ஏலத்துக்கு வச்சான். கார்ன்வாலிஸ் தொரைக்கிப் போயிருந்த வாளு. 15 லட்சம் பவுனுலேந்து 20 லட்சம் வரைக்கும் மதிப்பு. வெலயே போவல. அஞ்சு மாசத்துல திப்புவோட பெரும கொறைஞ்சிடுச்சா? அன்னிக்கி ரெண்டாவது வீம்புக்காரன் வரல, அவ்வளவுதான்.

அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். வின்செஸ்டர் 1886ன்னு ஒரு ரைபிள். அந்த ரகத்த லட்சக்கணக்குல செஞ்சி வித்தான். அதுல ஒண்ணு மட்டும் 2016ல 12 லட்சத்து 65 ஆயிரம் டாலர். ஏன்னா அதுல அடிச்சிருக்கற நம்பரு 1. ஜெரோனிமோங்கற செவ்விந்தியத் தலைவனப் புடிக்கப் போன கேப்டன் லாட்டனுக்குப் பரிசாக் குடுத்ததாம். பக்கத்துலயே 2ஆம் நம்பரு இருந்தா அதுக்கு எவன் இந்த வெல குடுப்பான்?

நம்பர்னு சொன்னதும் ஞாவகம் வருது. நேத்து நீ எனக்குக் காட்டுன துப்பாக்கிய நல்லாப் பாத்தியா? நம்ம போலீசு தோள்ல தொங்குமே, திரி நாட் திரி, அதுதாண்டா அது. கட்டையும் கொழாயும் சேர்ற எடத்துல வலப்பக்கம் பித்தள மாதிரி மங்கிப்போன இரும்புல ஒரு கிரீடம், அதுக்குக் கீழ இச்சாப்பூர்னு இங்கிலீசுல, அதுக்கும் கீழ வருசம். வங்காளத்துல செஞ்ச சரக்கு. இங்க உத்தரப்பிரதேசத்துப் போலீசு 2020 குடியரசு தினத்தோட அதுக்குக் கும்புடு போட்டு அனுப்பிச்சி. அங்க அத வாங்க வரிசையில நிக்கிறான். வாங்குறவன் என்னா பாக்குறான் தெரியுமா? குண்டு போட்டுத் தள்ளுற போல்ட்டுல ஒரு நம்பரு இருக்கும், ஒடம்புல ஒரு நம்பரு இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒரு வெல, வேற வேறயா இருந்தா அதவுடக் கொறைச்சல். பொண்ணு மாப்பிள்ள ஜாதகங்கூட இப்புடிப் பொருத்தம் பாக்கறதில்ல.

இன்னொரு கூத்து. விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில ஒரு மயிரெழ கீறல் இருந்தாலும் அந்தக் கிண்ணத்தக் கழிச்சிப் போட்டுடுவான். அங்க துப்பாக்கிக் கட்டையில கீறலும் அழுக்கும் அப்புடியே இருக்கணும். பளபளன்னு தேச்சி வார்னிசு அடிச்சியோ, வெல வுழுந்துடும்.

ஏலம் வுடுறவன் பண்ற தந்திரத்தையும் கேளு. நம்ம ஊருல ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னா முடிஞ்சிது. அமெரிக்காவுல செல்லுலயே துப்பாக்கி விக்கிற பெரிய சந்தையில கடைசி 15 நிமிசத்துல எவனாவது ஏத்திக் கேட்டாப் போதும், கெடியாரம் மறுபடி 15 நிமிசத்துக்குப் போவும். மூணாந்தரமே வராது. பேரு தெரியாது, ஊரு தெரியாது, மூஞ்சி தெரியாது. எதுத்து நிக்கிறவன் யாவாரியோட மச்சானா இருந்தாலும் ஒனக்கு வெளங்காது. பெரிய ஏலக் கம்பெனிங்க, சுத்தி தட்டுன பெறவு அவங்க பங்குன்னு நூத்துக்கு 20, 25ன்னு வாங்குனவன்கிட்டயே தனியாப் புடுங்கிப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கி இம்புட்டையும் தெரிஞ்சிக்கிட்டே கேக்குறவன் பேருதான் சேகரிப்பாளன்.

வயித்தெரிச்சல் எங்க வருதுன்னா தஞ்சாவூர்ல. 1855ல அரச வம்சத்துக்கு வாரிசு இல்லன்னு கும்பினி ராச்சியத்த முடிச்சிப்புட்டான். அரண்மனை ஆயுதசாலையில மலை மலையாக் குமிஞ்சி கெடந்தது, கத்தி, ஈட்டி, கட்டாரி, துப்பாக்கி. 1860கள்ல அதுல முக்காலே மூணு வீசத்த ஒடச்சி பழைய இரும்பு வெலக்கி வித்தாங்க. நல்லதாப் பொறுக்குன கொஞ்சத்த மெட்ராசு மியூசியத்துக்கு அனுப்பிச்சாங்க. எழும்பூருக்குப் போனா இன்னிக்கும் பாக்கலாம். எங்க சின்ன வயசுல பழைய இரும்புக்கு பேரீச்சம்பழமாவது குடுத்தான். அன்னிக்கி ஒடச்சிப் போட்டதால இன்னிக்கி மிஞ்சுனதுக்கு கிராக்கி. நூறு இருந்தா எவன் கோடி குடுப்பான்? ஏலக் கம்பெனிக்கு நெசமாவே ஒத்தாச பண்ணது அன்னிக்கி ஒடச்ச சம்மட்டிதான்.

துப்பாக்கியால சரியான லாபம் பாத்தவன் யாருன்னு கேட்டா நம்ம கடலூரைத்தான் காட்டுவேன். 1690ல எலிகு யேல் மெட்ராசு கவர்னரா இருந்தப்ப, செஞ்சியில இருந்த மராட்டிய ராசாகிட்ட தேவனாம்பட்டணத்துக் கோட்டைய வாங்குனாங்க. கோட்டையிலேந்து பீரங்கி சுட்டா குண்டு எம்மாந்தூரம் போவுதோ அம்மாந்தூரம் நெலமும் கும்பினிக்கின்னு பேச்சு. வெள்ளக்காரன் என்னா பண்ணுவான்? தூரமாப் போற நல்ல பீரங்கியாப் பாத்து மெட்ராசுலேந்து வரவழைச்சி நாலா பக்கமும் சுட்டான். கடலூர் பஜாரும் சேந்து போச்சி. குண்டு உப்பலவாடிங்கற பேரு இன்னிக்கும் நிக்கிது. ஒரு மருந்துப் பொட்டலத்துக்கு ஊரே கெடச்சிது.

இம்புட்டு சொல்லியும் கேக்கணும்னு கை அரிக்கிதா? கேளு ராசா, கேளு. அந்த 303 நம்ம நாட்டுல தடை செஞ்ச ரகம். கலெக்டரு குடுக்குற சாதாரண லைசென்சுல அத வச்சிக்க முடியாது. அதனாலதான் நம்ம சர்க்காரு ஃபேக்டரி 315ன்னு தனியா ஒரு ரகம் போட்டு விக்கிது. கடலுக்கு அந்தண்டேந்து இறக்குறதுக்குத் தனி அனுமதி. லைசென்சு இல்லாத சாதாரணத் துப்பாக்கி கையில இருந்தாக்கூட 2019ல திருத்துன சட்டப்படி 2 வருசத்துலேந்து 5 வருசம் வரைக்கும் உள்ள. ரிப்பேர் பண்ணாக்கூட சுட முடியாத, பழம்பொருளாப் போனதுக்கு மட்டும் சட்டத்துல வெலக்கு இருக்கு. நூறு வருசம் தாண்டுன பொருள்னா 1972ஆம் வருசத்துச் சட்டப்படி வெளிநாட்டுக்கு விக்கவும் முடியாது. ஆவ, நீ வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. ஆசப்பட மட்டும் லைசென்சு வேண்டாம்.

இதப் படிக்கிற மத்தப் புள்ளைங்களுக்கும் ஒரு வார்த்த. முந்திரிக் காட்டுல முயலடிச்ச காலத்து நாட்டுத் துப்பாக்கி, பூட்டன் வச்சிட்டுப் போன கொழாய் ஏதாச்சும் உங்க வூட்டுப் பரண்ல கெடக்கலாம். கோடி வரும்னு செல்லுல படம் புடிச்சிப் போடாதீங்கப்பா, கோடி வராது, போலீசுதான் வரும். முந்திக்கிட்டு நீங்களே ஒரு வக்கீலக் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போய் ஒப்படைச்சிடுங்க. சுட முடியாத ரொம்பப் பழசுன்னா கடலூரு மியூசியத்துல வெவரம் கேளுங்க.