சீனிக்கு எண் உண்டு, ரத்தத்துக்கு இல்லை

பெறுநர்: தீர்வை வகைப்பாட்டு மேலதிகாரி அவர்கள், பிரசல்ஸிலோ புத்ராஜெயாவிலோ, எந்த மேசையில் இருந்தாலும்.

அனுப்புநர்: ஈப்போவில் ரத்தப் பரிசோதனைக்கூடங்களுக்குக் கருவி தருவித்துக் கொடுக்கும் ஒரு சிறு வியாபாரி.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தீர்வைப் பட்டியலைப் படுக்கப் போகும் முன் படிக்கிற ஆள் பேராவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மனைவி இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அரசாங்கக் கடிதத்தில் அதை எழுத முடியாது.

1988 ஜனவரி 1 முதல் உலகமே இந்தப் பட்டியலில் அடங்கிக் கிடக்கிறது. முதல் ஆறு இலக்கம் பிரசல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு போடுவது. அடுத்த இரண்டு ஆசியான் போடுவது. கடைசி இரண்டு நம் நாடு போடுவது. இறக்குமதிக்கான கே1 பாரத்தில் இந்தப் பத்து இலக்கத்தையும் எழுதாமல் ஒரு சோதனைக் குழாய்கூட உள்ளே வர முடியாது. வரி உண்டா இல்லையா, பெர்மிட் வேண்டுமா, 2025 ஜூலையில் விரிந்த விற்பனை வரியில் இது எந்த விகிதத்தில் விழும் என்பதையெல்லாம் அந்த எண்தான் சொல்கிறது.

பேராக்காரன் என்பதால் முதலில் ரப்பர் பக்கத்தைப் புரட்டினேன். மனம் குளிர்ந்தது. ரப்பர் பால் 4001.10. புகை போட்ட ஷீட்டு 4001.21. அதோடு விட்டீர்களா? ஷீட்டின் முதல் தரத்துக்கு ஓர் எண், இரண்டாம் தரத்துக்கு ஓர் எண், இப்படி ஐந்தாம் தரம் வரை தனித்தனி எண். குமிழி விழுந்து கறுத்துப்போன ஷீட்டைக்கூடத் தெருவில் நிறுத்தாமல் பெயர் சொல்லி உள்ளே அழைத்திருக்கிறீர்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பா பால் வெட்டியவர். அவர் மங்கில் வடிந்த பால் கடைசியில் எந்தத் தரத்தில் போய் நின்றிருந்தாலும் தங்கள் பட்டியலில் அதற்கு விலாசம் உண்டு.

அந்தப் பாலை ஸ்டோரில் கொட்டியதும் கிராணி மெட்ரோலாக்கை முக்கிப் பார்ப்பார். நீண்ட கழுத்துள்ள மிதவை. எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்துப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடும். அது சொன்னதுதான் அன்றைய சம்பளம். மிதவை மானிகளுக்குத் தங்கள் பட்டியலில் 9025 என்று தலைப்பு, 90-ஆம் அத்தியாயம், நுண்ணோக்கி, அறுவைக் கருவி எல்லாம் குடியிருக்கும் கௌரவமான தெரு. தோட்டத்து ஆள் தண்ணீர் கலந்தானா என்று கண்டுபிடிக்கும் கருவிக்கு அந்த மரியாதை நியாயந்தான்.

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன், ஐயா. பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குழாயைச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறதே, அது 90-ஆம் அத்தியாயத்தில் இல்லை. 84-இல் இருக்கிறது. 8421.11 பாலாடை பிரிக்கும் பொறி, 8421.12 துணி உலர்த்தும் பொறி, 8421.19 மற்றவை. எங்கள் கருவி அந்த மற்றவையில் நிற்கிறது. சரி, மற்றவைக்குள்ளாவது தனி இடம் இருக்குமோ என்று ஆசியான் இலக்கங்களைப் பார்த்தேன். சீனி ஆலையில் பயன்படுவதற்கு 8421.19.10 என்று ஓர் எண். அது போக மீதியெல்லாம் 8421.19.90, மறுபடியும் மற்றவை. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். சீனிக்குத் தனி எண் கொடுத்தீர்கள். அந்தச் சீனியைத் தின்றவனின் ரத்தத்தைச் சுழற்றும் கருவியை மற்றவையிலும் மற்றவையாக வைத்தீர்கள். இதை நகைச்சுவையாகச் செய்திருந்தால் கைதட்டுகிறேன்.

கொசு விஷயத்திலும் தங்கள் கருணைக்குக் குறைவில்லை. 2022 பதிப்பில் மலேரியா சோதனைக் கிட்டுக்கு 3822.11 என்று புது எண் வந்தது. லயங்களில் எங்கள் பாட்டன்மார் கொயினா விழுங்கிக்கொண்டு நடுங்கிய காலத்தில் வந்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். 2018-இலிருந்து உள்நாட்டில் தொற்றிய மனித மலேரியா பதிவாகவில்லை. இப்போது இங்கே இருப்பது குரங்கிடமிருந்து வருவது. அடுத்த எண் 3822.12, ஸிக்காவுக்கும் ஏடிஸ் கொசு பரப்பும் பிற நோய்களுக்கும். மழை விட்ட மறுவாரமே ஈப்போ வார்டுகளை நிரப்பும் டிங்கி, அந்தப் பிற நோய்களில் ஒன்று. வீட்டுக்காரனை வாடகைக்கு வந்தவனின் பெயரில் பதிந்திருக்கிறீர்கள்.

தராசையும் கண்ணாடியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 0.05 கிராமையோ அதற்கும் சிறிய எடையையோ உணர்ந்தால் தராசு 9016. இல்லையென்றால் மளிகைக்கடைத் தராசோடு 8423. கண்ணாடிக் குடுவை சூட்டில் எவ்வளவு விரிகிறது என்று தெரிந்தால்தான் 7017-க்குள் அதன் இடம் தெரியும். பெட்டியைத் திறக்காமலே இதைச் சொல்லத் தெரிந்த பார்வர்டிங் ஏஜெண்டுகளைக் கடவுள் காப்பாற்றட்டும்.

இரண்டு தலைப்பும் சம உரிமை கொண்டாடினால் என்ன செய்வது? அதற்கும் விதி வைத்திருக்கிறீர்கள்: மூன்றாம் விதி, மூன்றாம் பிரிவு. எண் வரிசையில் எது கடைசியோ அதற்கே பொருள். தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கடைசியாக வந்தவனைக் கிராணி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். தங்களிடம் கடைசியாக வந்தவனுக்குத்தான் வேலை.

சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் தீர்ப்பு வாங்கிக்கொள்ள 1967 சுங்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ரசாயனப் பெட்டிக்குச் சட்டம் தெரியாது. எண் தகராறு தீரும்வரை ஏதாவது ஒரு கிடங்கில் கிடக்கும். ஜெல் கட்டி இளகி, அட்டை மூலை ஈரமாகி, உள்ளே வைத்த வெப்பச் சீட்டு நிறம் மாறிவிட்டால், அப்புறம் அது எந்தத் தலைப்பிலும் வராது. குப்பையில்தான் வரும்.

தலைப்பு மாறினால் என்ன ஆகும் என்பதை ஈப்போ இருக்கும் இந்தக் கிந்தா மாவட்டத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998 செப்டம்பர் கடைசியில் இங்கே பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற தெரிந்த தலைப்பில் அதைப் போட்டார்கள். ஊசி போட்டார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பிறகே அது புதியது, எந்தப் பட்டியலிலும் இல்லாதது என்று தெரிந்தது. நிப்பா என்று பெயர் வைப்பதற்குள்ளும் அதன் பிறகுமாக இறந்தவர்கள் 105 பேர். அது சுங்கத் தவறு அல்ல, ஐயா. யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. தெரியாததைத் தெரிந்த பெட்டிக்குள் திணிக்கும் பழக்கம் எந்த அலுவலகத்திலும் இருக்கும் என்பதற்காக எழுதினேன்.

என் விண்ணப்பம் பெரிதல்ல. ஆறு இலக்கம் பிரசல்ஸின் சொத்து, இரண்டு ஆசியானின் சொத்து, அவற்றில் கைவைக்க வேண்டாம். கடைசி இரண்டு இலக்கம் நம்முடையது. எங்கள் சென்ட்ரிஃபியூஜுக்கு நேரே அதில் 00 என்று போட்டு வைத்திருக்கிறீர்கள். இரண்டு சுழியமும் காலியாகத்தான் கிடக்கின்றன. ஒன்றை அழித்து 10 ஆக்கி, பக்கத்தில் "மருத்துவப் பரிசோதனைக்கூடத்துக்கு உரியவை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 2028 ஜனவரி 1 முதல் உலகப் பட்டியலின் புதிய பதிப்பு நடைமுறைக்கு வருகிறது. எப்படியும் நம் புத்தகத்தையும் திருத்தி அச்சடிப்பீர்கள். அந்த ஒரு வரிக்கான மைச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். மை 3215 என்ற தலைப்பில் வருகிறது. எழுதும் மையா அச்சு மையா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மற்றவையில் ஒருவன்,
ஈப்போ.