பசை காஞ்சுச்சா தம்பி?

ஏன்டா தம்பி, ஆவணியில கல்யாணத்தை வச்சுக்கிட்டு, ஆடி மழையில நீயும் கட்டிக்கப் போற புள்ளையும் உக்காந்து பத்திரிகை ஒட்டுறீங்களாமே? அதுவும் நாடுகாணியில? இங்க ஜூன் பொறந்தா துவைச்சுப் போட்ட வேட்டியே நாலு நாளைக்குக் காயாது. உன் பசை காயுமா? பக்கத்துத் தேவாலாவுல இத்தனை சென்டிமீட்டர் மழைன்னு வருசா வருசம் பேப்பர்ல போடுறான். அந்தப் பேப்பரும் நனைஞ்சுதான் வந்து சேருது.

கேட்டா, விதை வச்ச காகிதமாம். படிச்சு முடிச்சு மண்ணுல புதைச்சா துளசி முளைக்குமாம். நம்ம ஊர் ஈரத்துக்கு அது மண்ணைப் பாக்குற வரைக்கும் பொறுக்குமா? தபால்காரர் பையிலயே முளை விட்டா, மாமன் வீட்டுக்குப் பத்திரிகையா போகும்? நாத்துல்ல போகும்!

கையால செய்யுற இந்தக் காகிதம் ஒண்ணும் நேத்து வந்த சங்கதி இல்ல. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துல 1959லயே அதுக்குப் பட்டறை போட்டுட்டாங்க. வெட்டி மிஞ்சின பருத்தித் துணியைக் கூழாக்கி, சல்லடையில வார்த்து எடுக்குறது. அப்படி எவனோ கை நோக வார்த்த தாளைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்து, மடிச்சு ஒரு பூவை ஒட்டிட்டு, 'நாங்களே செஞ்சது'ங்குற. சரி, சொல்லிக்கோ.

அட்டையில குறும்பர் ஓவியமாமே? யாரு வரைஞ்சது, போனைப் பாத்து நீயா? அது வேங்கைப் பிசினும் இலைச்சாறும் வச்சு நம்ம மலைப் பழங்குடி ஆலு குறும்பர் எழுதுற படம்டா. கோத்தகிரிப் பக்கம் வரையிற ஆளுங்க இன்னைக்கும் இருக்காங்க. ஒரு படத்தை அவங்ககிட்ட காசு குடுத்து வாங்கியிருந்தா அந்த வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சிருக்கும். நீ வரைஞ்சதுல, தேனெடுக்கப் போற மனுசன் செல்ஃபி எடுக்கப் போற மாதிரி நிக்கிறான்.

எழுத்து சாஞ்சிருக்குன்னு அந்தப் புள்ள சொன்னதுக்கு நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியாமே? அன்னைக்கு முழுக்கப் பேச்சு இல்லையாமே? அது ஒண்ணுதான் இதுல உருப்படியான காரியம். தாலி கட்டுறதுக்கு முன்னாடியே ஒத்திகை பாத்தாச்சு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொன்னவன், பத்திரிகை ஒட்டிப் பார்னு சேக்காம விட்டுட்டான், பாவம்.

எங்க சங்கதியைக் கேளு. 1964ல நம்ம சாஸ்திரியும் இலங்கைச் சிறிமாவோவும் எங்க சனத்தைப் பங்கு பிரிச்சு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டாங்க. அக்கா கண்டிச் சீமையில, தம்பி இந்த மலையில. ஒப்பாரிக் கோச்சின்னு பேரு வச்ச ரயில்ல பிரிஞ்சு, தலைமன்னார்ல கப்பலேறி வந்து, அரசாங்க டேன்டீ தேயிலைத் தோட்டத்துல கொழுந்து கிள்ளுன சனம் நாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்குறவனுக்குத்தான் காகிதம் அனுப்புவோம். லயத்துல இருக்குறவனுக்கு எதுக்குடா காகிதம்? வாசல்ல போய் நின்னு தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, 'பெரியம்மா, நீங்கதான் முன்ன நிக்கணும்'னு சொல்லணும். அந்தம்மா முதுகுல இருக்குற கொழுந்துச் சாக்கை இறக்கும். கறை படிஞ்ச விரலைச் சீலையில துடைச்சுட்டு, ரெண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கும். தேத்தண்ணி குடிக்காம விடாது. பொண்ணு யாரு, எந்த டிவிசன், போன தீவாளிக்கு உங்கப்பன் ஏன் மொகம் குடுத்துப் பேசலன்னு எல்லா வழக்கும் அந்த ஒரு டம்ளர்ல தீந்து போகும்.

நீ என்ன பண்ற? பெங்களூர் ஆபீஸ் சிநேகிதனுக்குக் கைவேலைப் பத்திரிகை, கூரியர்ல. தோள்ல தூக்கி வளத்த சித்தப்பனுக்கு அதைப் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல. அடேய், அவருகிட்ட இருக்குறது பட்டன் போனு!

சரி, அந்தப் பெங்களூர்க்காரனாவது வந்து சேருவானா? உள்ள கவிதை எழுதியிருக்க, வழி எழுதியிருக்கியா? பந்திப்பூர் ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடுனா காலையில 6 மணிக்குத்தான் தொறப்பான். உன் முகூர்த்தமே ஆறரைக்கு. அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் கார்ல தூங்கிட்டு இருப்பான், நீ இங்க தாலி கட்டுவ. 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ்னு வேற ஆரம்பிச்சாங்க. நிலம்பூர்ல இருந்து சுரம் ஏறி வர்ற உன் மலையாளச் சிநேகிதனுக்கு அது வேணுமா வேண்டாமான்னு யாரு சொல்லுவா? அந்தப் பூவுக்குக் கீழ கொஞ்சம் எடம் இருக்குதே, இதையெல்லாம் அங்க எழுதுனா அழகு கெட்டுடுமா?

எந்திரி. அந்தப் புள்ளையையும் கூட்டிக்கோ. மேல் லயத்துல இருந்து ஆரம்பிங்க. மொதல்ல சித்தப்பன் வீடு. தட்டுல வெத்தலை வாடாம பாத்துக்கோ. பொழுது சாயுறதுக்குள்ள ரோட்டுக்கு எறங்கிருங்க, யானை நடமாடுற நேரம். அதுக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம். பலாப்பழம் பழுத்தா அதுவே வரும்.