குபேர லிங்கத்துக்கு நேர் பின்னாடி

திருவண்ணாமலையில் மனை புரோக்கரைத் தேடி அலைய வேண்டாம். கிரிவலப் பாதை டீக்கடையில் நின்று மலையை இரண்டு நிமிடம் அண்ணாந்து பார்த்தால் போதும், அவரே வந்துவிடுவார். நெற்றியில் பட்டை, பையில் இரண்டு செல்போன், கக்கத்தில் ரெக்சின் பை. "சாமி, இடம் பாக்குறீங்களா?"

ஒரு காலத்தில் அந்தப் பையில் மல்லாட்டை மண்டிக் கணக்கு இருந்தது. இப்போது பட்டா, சிட்டா, வில்லங்கம்.

14 கிலோமீட்டர் பாதையை அவர் லிங்கத்தால்தான் அளப்பார். "குபேர லிங்கத்துக்கு நேர் பின்னாடி" என்று சொல்லும்போதே குரலில் சென்ட்டுக்கு ஒரு லட்சம் ஏறிவிடும். எம லிங்கத்துப் பக்கம் மட்டும் வெறும் "செங்கம் ரோடு". ஆந்திர, தெலங்கானா பக்தர்கள் பெருகியபின் "ரண்டி, ரண்டி" என்கிறார். வெள்ளைக்காரருக்கு வாடகை வீடுதான் காட்டுவார்; அவர்களுக்கு விவசாய நிலம் விற்கச் சட்டம் இடம் கொடுக்காது, அது அவருக்கு அத்துப்படி.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. மனிதர் இடிந்துபோய்த் தாடி வளர்த்தார். இந்த ஊரில் தாடிக்கு வேறு அர்த்தம். இரண்டு பேர் காலில் விழுந்தார்கள். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் மழித்துவிட்டார்.

2024-இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. அன்றிலிருந்து எந்தக் கிராமத்து வரப்பில் நின்றாலும் "கார்ப்பரேஷன் லிமிட், சாமி." அதே ஆண்டு டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து ஏழு உயிர் போனபோது சில நாள் அவர் போனே எடுக்கவில்லை. பிறகு, "அடிவாரம் எதுக்கு? கொஞ்சம் தள்ளி வாங்களேன்" என்றார். தள்ளி என்றால் நெல் வயல்.

போய்ப் பார்த்தால், அறுத்த தாள்கூடக் காயவில்லை. அதற்குள் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, கலர் கொடி கட்டியாயிற்று. செம்மண் ரோட்டு ஓரம் கிணற்று மோட்டார் கொட்டகை, கதவில் "சைட் ஆபீஸ்".

"பக்கத்துல ஏரி இருக்கே, மழைக்குத் தண்ணி ஏறாதா?"

"லேக் வியூ சாமி. மெட்ராஸ்ல இதுக்குத் தனி ரேட்டு."

"மலை தெரியுமா?"

"படுத்துகினே பாக்கலாம்."

"முன் மனையில மூணு மாடி லாட்ஜ் கட்டிட்டா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"நீங்க நாலு மாடி கட்டுங்க சாமி. மேஸ்திரி நம்ம ஆளுதான்."