அறுபத்திரண்டு டிகிரி மாப்பிள்ளை

கம்ப்யூட்டருக்குச் சூடு பார்க்கிற ஆசாமிகள் சிலர் உண்டு. தங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைகூட வைத்துப் பார்க்க மாட்டார்கள். "ஒரு மாத்திரை இருந்தா குடு" என்பதோடு சரி. கம்ப்யூட்டருக்கு மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் ஜுரம் பார்த்தாக வேண்டும். திரையின் மூலையில் தம்மாத்துண்டு சன்னல் ஒன்று ராத்திரி பகலாகத் திறந்திருக்கும். அதற்குள் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற ஒருவரைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், தங்கை இதைப் படிப்பாள்.

"என்ன மாப்ள, சௌக்கியமா?" என்று போனில் கேட்டால், "62 மச்சான்" என்பார். "நேத்து இதே நேரம் 59. என்னமோ சரியில்ல."

அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்பீர்கள். கரண்ட் பில் கட்டுவார். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வந்து செல்போனில் எடுத்த தேர்ப் படங்களை ஏற்றி வைப்பார். அவ்வளவுதான். இதற்கு எந்தப் பிராசசரும் சூடாகாது. சூடாகாவிட்டால் அளப்பதற்கு என்ன இருக்கிறது? ஆகவே பிரைம்95 என்ற மென்பொருளை ஓட்டுவார். பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது அது. பிராசசரைக் கசக்கிப் பிழியும் என்பதால் உலகம் முழுக்க இந்த ஆசாமிகள் அதை ஓட்டுகிறார்கள். பகா எண் மீது மாப்பிள்ளைக்கு ஒரு பிரியமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கே அவர் பகை. தானே சூடேற்றிவிட்டு, ஐயோ சூடேறுகிறதே என்று எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பார்.

அவர் நிம்மதியைக் குலைத்தவர் கனடாவில் இருக்கிறார். அதே பிராசசர், அதே கூலர், யூடியூபில் காட்டுகிறார்: 50 டிகிரி. மாப்பிள்ளைக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எந்தக் காற்றாடியாலும், தண்ணீர் ஓடுகிற கூலராலும்கூட, அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் கணக்கு. கனடாக்காரர் அறை 20. அவருடையது 30 டிகிரி ஏற்றம். நம்மூரில் சித்திரை மாதம், கடற்காற்று இன்னும் எழும்பாத மத்தியானம், அறையே 38. மாப்பிள்ளையுடையது 24 டிகிரிதான் ஏற்றம். ஆக, கடலூர் கனடாவை ஜெயித்துவிட்டது. சுவரில் கணக்குப் போட்டுக் காட்டாத குறையாகச் சொன்னேன். "இருக்கலாம் மச்சான், ஆனா அவருக்கு 50" என்றார்.

இவரை மிஞ்சுகிற ஒருவர் அண்ணாமலை நகரில் இருக்கிறார். மாப்பிள்ளையின் சிநேகிதர், சிதம்பரக் கிளை. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் இருவரும் தினமும் பேசுவார்கள். "உன்கிட்ட எவ்ளோ?" "71. உனக்கென்னப்பா, கடல் பக்கத்துல இருக்க." "கடல் பக்கத்துல இருந்து பாரு, ஸ்க்ரூ துருப்புடிச்சு திருப்புளிக்கே மசிய மாட்டேங்குது." பெண் கொடுத்து எடுத்த சம்பந்திகள்கூட இவ்வளவு பேசிக்கொள்வதில்லை.

இந்த நட்பு முறிகிற நிலைக்குப் போனது பேஸ்ட் விஷயத்தில். பிராசசருக்கும் அதன் மேல் உட்கார்கிற கூலருக்கும் நடுவே தடவுகிற பசை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் நிற்கிற காற்று சூட்டைக் கடத்தாது. அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை அடைப்பதுதான் பசையின் முழு உத்தியோகமும். சிதம்பரத்துக்காரர் திருநீற்றுப் பட்டை மாதிரி பிராசசர் முழுக்க இழுத்துப் பூசுகிற கட்சி. திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளையோ நாமம் போல நடுவில் ஒரே கோடு. ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. தில்லைக் கோயிலில் ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேவிக்கலாம். அங்கே நடக்கிற சமாதானம் இவர்களிடம் நடக்கவில்லை. கூலரை வைத்து ஸ்க்ரூவை முறுக்கினால் பட்டையும் நாமமும் நசுங்கிப் பரவி ஒன்றாகிவிடும் என்பதை இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து என்னோடும் பேச்சு குறைந்தது. இத்தனைக்கும் ஒருமுறை தடவினால் வருஷக்கணக்கில் தாங்குகிற பசை அது. இவர்கள் தீபாவளி, பொங்கல், ஆடிப்பெருக்கு என்று நாள் பார்த்துத் துடைத்துத் துடைத்துப் பூசுகிறார்கள்.

100 டிகிரியை நெருங்கினால் இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காவிட்டால் மெஷினே அணைந்துபோகும். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையை, 95 டிகிரியில் ஓடத்தான் செய்திருக்கிறோம் என்று ஏஎம்டி கம்பெனியே சொன்னது. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன செய்ய? உள்ளே இருக்கிற சென்சார் மேல் எல்லைக்குப் பக்கத்தில்தான் சரியாகக் காட்டும், கீழே வர வர உத்தேசம்தான் என்பதும் தெரியும். ஆனாலும் சும்மா இருக்கும்போது 41 காட்டியது 43 ஆனால் தூக்கம் போச்சு. பக்கத்து வீட்டில் நெய்வேலி அனல்மின் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. ஒருநாள் பொறுக்க முடியாமல், "தம்பி, நாங்க 500 டிகிரிக்கு மேல நீராவிய பைப்புல ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கினவங்க" என்றார். "உங்க பாய்லர்ல பேஸ்ட் இல்லல்ல சார்" என்று மாப்பிள்ளை பதில் சொன்னார். பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்து கடலூரைப் புரட்டிப்போட்டதே, அப்போது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஊரே தண்ணீருக்கும் மெழுகுவத்திக்கும் அலைந்தது. கரண்ட் வந்த அன்று தெருவில் எல்லாரும் மோட்டார் போட ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டில் மட்டும் முதலில் எரிந்தது மானிட்டர். "28 மச்சான்! 28!" என்று போனில் கூவினார். அத்தனை நாள் அணைந்து கிடந்த மெஷின், அதுவும் மார்கழிக் குளிர், வேறு எவ்வளவு காட்டும்? ஆனால் அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என் தங்கை கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

மனுஷன் கெட்டவர் இல்லை. திருப்பாப்புலியூரில் பாதி வீட்டுப் பிள்ளைகளின் லேப்டாப்பை இவர்தான் திறந்து தூசி ஊதிக் கொடுத்திருக்கிறார். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. மெத்தைமேல் வைத்தால் அடியில் இருக்கிற காற்றுத் துவாரம் அடைபடும், பலகை போட்டு வை என்று கெஞ்சாத குறையாகச் சொல்வார். ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்வார், தாறுமாறாகச் சுழன்று கெட்டுவிடக் கூடாதாம். எங்கள் வீட்டுப் பழைய சிபியு இன்றைக்கும் ஓடுகிறதென்றால் அவர் கைராசி.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன மே மாதம் அம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். எழுபத்தெட்டு வயது. அந்த வீட்டில் ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன். அது கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றி அதற்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறது, கழுத்தைத் திருப்பாமல் இருக்கக் கயிறு கட்டி. மேலே சுற்றுகிற ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளுகிறது. அம்மா மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பாள்? முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறாள். தங்கை கேட்டதற்கு, "அத்தைக்கு வேர்த்தா ஆறிடும், இதுக்கு வேர்க்காதே" என்றாராம். தமாஷாகத்தான் சொல்லியிருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேர்க்கத் தெரிந்தவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள், பிராசசருக்கு எல்லை மீறினால் தன்னை அணைத்துக்கொள்ளத் தெரியும்.

அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் மத்தியானம் நாற்காலியை இழுத்துப்போட்டு, ஃபேனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். 62 என்பது 66 ஆனது, 69 ஆனது. மாப்பிள்ளை நின்றார், நடந்தார், தொண்டையைச் செருமினார். மாமியாரை எழுந்திருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், சாயங்காலம் புது ஸ்டாண்டு ஃபேன் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள்.

ராத்திரி மறுபடியும் போன். அம்மாவுக்குக் கிடைத்தது பழைய ஃபேனாம்.