அலமாரி மாறாட்டம்

யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’, ஆண்டி வெயரின் ‘தி மார்ஷியன்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். அபுனைவு என்று முத்திரை குத்திய முதல் புத்தகத்தில் கோதுமை மனிதனை வளைத்துப்போட்டு வயலில் குனிய வைக்கிறது. 70,000 ஆண்டுக்கு முந்தைய மண்டைக்குள் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்போல ஹராரி பேசுகிறார். நாவலோ சரியான கணக்கப்பிள்ளை! செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட மார்க் வாட்னி மலத்தை எருவாக்கி உருளைக்கிழங்கு போடுகிறான். எரிபொருளான ஹைட்ரஸீனிலிருந்து தண்ணீர் எடுக்கிறான். கிழங்குக்குக் கிழங்கு கலோரி எண்ணுகிறான். கதையைத் தொடக்கிவைக்கும் புயல் மட்டும்தான் டூப்பு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே அடிக்கும் புயல் ராக்கெட்டைச் சாய்க்காது. வெயரே அதை ஒப்புக்கொண்டுவிட்டார். ஹராரியின் கோதுமைதான் இன்னும் வாய் திறக்கவில்லை. நூலகர்களே, இரண்டையும் அலமாரி மாற்றி வையுங்கள்.