மருவி மாமா

எங்கள் அடுக்ககத்தில் பழமொழி சொல்லத் தெரிந்த பாட்டிகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பழமொழியைத் திருத்தத் தெரிந்தவர் ஒருவர்தான். பி பிளாக் மாமா. முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் எழுதிய கோப்பில் சிவப்பு மையால் திருத்தம் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் கை அரித்ததால் முன்னோர்களின் கோப்பைப் பிரித்துவிட்டார்.

யாராவது வாய் தவறி ஒரு பழமொழி சொல்லிவிட்டால் போதும். கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியில் துடைப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார். "அது அப்படி இல்லப்பா. காலப்போக்குல மருவிடுச்சு." இதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் அவருக்கு 'மருவி மாமா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அசல் பெயர் வாட்ச்மேனுக்கே மறந்துபோய்விட்டது. அதுவும் மருவிவிட்டது.

போன மாதம் மூன்றாவது மாடிப் பெண் காய்ச்சலில் சுருண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தாள். பழைய டாக்டரை மாற்றிவிட்டாளாம். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று பொதுவாக அலுத்துக்கொண்டாள். வெளியே நின்ற மாமா லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே செருப்புக் காலை வைத்தார்.

"பேரை இல்லம்மா, வேரை. ஆயிரம் வேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியனே ஆக முடியும். மூலிகை வேர். முழு வைத்தியன் ஆகணும்னா..."

கதவு மூட வந்தது, செருப்பில் இடித்தது, திறந்தது. மறுபடி வந்தது, இடித்தது, திறந்தது. ஆடாதொடை, நிலவேம்பு என்று வரிசையாக வேர் பிடுங்கிக்கொண்டிருந்தார் மாமா. அந்தப் பெண் கடைசியில் படி வழியாக இறங்கிப் போனாள்.

அவருடைய தொழில்நுட்பம் ரொம்ப எளிது. சொல்லை வேறு இடத்தில் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஓர் எழுத்தை மாற்ற வேண்டும். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை'யில் கழுதையை ஓட்டிவிட்டு, 'கழு தைக்கத் தெரியுமாம்' என்று கோரையில் பாய் தைக்க உட்கார்ந்துவிடுவார். யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம் என்றால் யானை பசு நெய்யாக உருகும், பூனை பூவின் தேனாக வடியும். 'அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பதில் உள்ள அடி, இறைவனின் திருவடியாகிவிடும். திருத்தம் முடிந்த பழமொழியில் நாய் கடிக்காது, மாடு முட்டாது, யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். எல்லாரும் விரதம் இருப்பார்கள். அவர் சொல்வதை நம்பினால், இத்தனை தலைமுறையாகத் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் சரியாகக் காது கேட்டிருக்கவில்லை.

சொல் மருவுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூர் தஞ்சையானது. ஆனால் எது மருவினாலும் அது பக்தியிலிருந்து பரிகாசத்துக்குத்தான் மருவும் என்று மாமா அடித்துச் சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. "நம்ம முன்னோர்கள் இப்படியெல்லாம் பேசியிருப்பாங்களா?" என்பார். என் ஆத்தா பேசினாள். வாசல் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே அவள் ஒரு சொலவடை போட்டால், போட்டது யாருக்கு என்று தெருவுக்கே தெரியும். வாங்கியவள் மறுநாள் குடத்தோடு வேறு தெரு வழியாகப் போவாள். ஆத்தாவின் நாய் நாய்தான், கழுதை கழுதைதான். அதில் நெய்யும் தேனும் ஊற்றினால் எறிந்த கல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் துணிந்து பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். 1874இல் வந்த மூன்றாம் பதிப்பு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள், பக்கத்திலேயே ஆங்கிலம். "இதுல நாய், கழுதை, மாமியார் எல்லாம் அப்படியே இருக்காங்க மாமா. அப்பவே ஜனங்க இப்படித்தான் சொல்லியிருக்காங்க."

மாமா நாலு பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளைக்காரன்தானேப்பா. அவனுக்குத் தப்பாக் கேட்டிருக்கும்."

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய மனிதர் அவர். காது அவ்வளவு மோசமாக இருந்திருக்குமா என்று கேட்கலாம். கேட்டால் நாவலரையும் திருத்துவார் என்று புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏ பிளாக் கல்யாணத்தில்தான் அவரை முழு வீச்சில் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்ததும் ஓர் இளவட்டம் "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று சிரித்துக்கொண்டே பாய்ந்தான். மாமா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "அது மனுஷனைச் சொன்னதில்ல தம்பி, வலது கையைச் சொன்னது. சாப்பிடும்போது கை முன்னாடி போகும். வில்லுல நாணை இழுக்கும்போது பின்னாடி போகும்." சொன்னதோடு விடவில்லை. இடது கையை நீட்டி வில் பிடித்து, வலது கையால் காது வரை நாணை இழுத்துக் காட்டினார். முழங்கை பின்னால் வந்த ரசவாளியில் பட்டது. முதல் பந்தி நிறைந்தது. வேட்டியை அலசிவிட்டு வருவதற்குள் இரண்டாவதும் நிறைந்துவிட்டது. மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தவருக்கு அப்பளமும் இல்லை, பாயசமும் இல்லை. அந்தப் பையன் எங்கள் வரிசையில், இரண்டாவது ஜாங்கிரியில் இருந்தான்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற ஒன்றை மட்டும் மாமா இன்னும் தொடவில்லை. அவர் வீட்டில் மாமியும் மருமகளும் ஒரே சமையலறையில் புழங்குகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், ராத்திரிக்கு என்ன பலகாரம் என்று மாமியிடம் கேட்டிருக்கிறார். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்றிருக்கிறார் மாமி. மாமா விடுவாரா? அது சட்டி இல்லை, சஷ்டி. அகப்பை என்றால் கருப்பை. சஷ்டியில் விரதம் இருந்தால் பிள்ளை வரம் கிடைக்கும் என்று தொடங்கியிருக்கிறார். மாமி அடுப்பை அணைத்தாராம். "எனக்கு அறுபத்தாறு வயசாகுது. சட்டியில மாவு இல்ல. போய் இட்லி வாங்கிட்டு வாங்க."

கேட் பக்கத்தில் நான் பார்த்தபோது கையில் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். "என்ன மாமா, ஆறிலும் சாவு நூறிலும் சாவுன்னு இந்த மழையில வெளிய கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

தூக்குச்சட்டியைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அது கர்ணன் சொன்னதுப்பா. பாண்டவர் அஞ்சு பேரோட சேர்ந்து ஆறாவதா இருந்தாலும்..."

"சாம்பார் ஆறிடும் மாமா."

"ஆறு இல்லப்பா..." என்றார் மாமா.